கார்டு செம்பிளின் மைதானம்

அயர்லாந்தில் டப்ளினிலிருந்து கார்க் போகும் ரயில் பாதையில், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் டிப்பரரி கவுண்டியைச் சேர்ந்த தர்லஸ் என்ற ஊர் இருக்கிறது. ஊரின் மொத்த சனத்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போனால் சில நிமிடங்களில் ஒரு விளையாட்டரங்கம் வருகிறது. அதில் 45,690 பேர் ஆட்டம் பார்க்கலாம். இப்படி ஐந்தாறு தர்லஸ் ஊர்களைக் கொட்டினாலும் கொள்கிற இந்த மைதானத்தின் பெயர் செம்பிள் ஸ்டேடியம்.

டாம் செம்பிள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ஹர்லிங் ஆடியவர். பிழைப்புக்கு ரயிலில் கார்டு வேலை. அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான பதக்கங்கள் மூன்று வாங்கினார். அவற்றில் இரண்டு அவர் அணித்தலைவராக நின்று வென்றவை. மூன்று என்பது சின்ன எண்ணிக்கை இல்லை, ஆனால் பிரமிக்கத்தக்கதும் இல்லை. அதே காலத்தில் பக்கத்துக் கவுண்டியான கில்கெனியில் டிக் வால்ஷ், ஜாக் ரோச்ஃபோர்ட், சிம் வால்டன் போன்றவர்கள் ஆளுக்கு ஏழு பதக்கங்கள் வைத்திருந்தார்கள். பதக்கக் கணக்கில் அவர்களுக்குப் பாதிகூட வராத ஒருவரின் பெயர், ஹர்லிங் ஆடுகிறவர்கள் கோயில்போல மதிக்கும் ஒரு மைதானத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? செம்பிளின் ஆட்ட வாழ்க்கையை வெற்றி தோல்விகளை மட்டும் வைத்துப் படித்தால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம். ரயில் அட்டவணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹர்லிங்கைப் படத்தில் பார்க்கிறவர்கள் ஹாக்கி என்று நினைத்துவிடுவார்கள். ஹாக்கி மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி, பறந்து வரும் பந்தை அந்தரத்திலேயே அடித்து, வேண்டுமானால் கையால் பிடித்து, அகலமான மட்டை நுனியில் பந்தை நிறுத்தியபடி ஓடினால் எப்படி இருக்குமோ அதுதான் ஹர்லிங். மட்டையை ஆஷ் மரத்தில் செய்கிறார்கள். வேர் வளைந்து பிரியும் அடிமரத்துத் துண்டிலிருந்து வெட்டினால்தான் நுனியின் வளைவோடு மர நாரும் சேர்ந்து வளையும், மட்டை சட்டென்று பிளக்காது. ஸ்லிட்டர் என்கிற பந்து தோல் போர்த்தியது, தையல் விளிம்பு தடித்துப் புடைத்திருக்கும். செம்பிள் ஆடிய காலத்துப் பந்து இன்றையதைவிடக் கனம். அதனால் பந்தைத் தரையோடு தரையாக, நிறுத்தாமல் அடிப்பதே அன்றைய பாணி. ஒரு பக்கத்துக்குப் பதினேழு பேர். பதினைந்தாகக் குறைத்தது 1913இல்தான்.

கணக்கு எழுதும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், மேலே போனால் பாயிண்ட். 1896 முதல் ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட் மதிப்பு. 3-16 என்று எழுதினால் மூன்று கோல், பதினாறு பாயிண்ட், ஆக இருபத்தைந்து. செம்பிள் காலத்தில் இன்னொரு விநோதமும் உண்டு. கோல் கம்பங்களுக்கு இருபுறமும் 21 அடி தள்ளிப் பக்கத்துக்கு ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் பந்து போனாலும் பாயிண்ட்தான். 1910இல் அந்த ஓரக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். ஆக, அவர் வென்ற போட்டிகள் எல்லாமே நாம் இன்று தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட அகலமான ஓர் இலக்கை நோக்கி ஆடப்பட்டவை.

செம்பிள் 1879இல் தர்லஸுக்குப் பக்கத்து கிராமமான ட்ரம்பேனில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே தர்லஸ் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. 1884 நவம்பர் 1ஆம் தேதி அங்குள்ள ஹேஸ் ஹோட்டலின் ஓர் அறையில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டாவின் முதலான சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஏழுக்குக் குறையாது, அவ்வளவுதான். தர்லஸில் வீற்றிருந்த பேராயர் க்ரோக் சங்கத்தின் புரவலரானார். பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழ் இருந்த நாட்டில் கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் மாற்றாக நம்முடைய ஆட்டம் என்று ஒன்று வேண்டும் என்பது அவர்கள் வாதம். போட்டிகளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். உழைக்கிறவனுக்கு ஓய்வு கிடைப்பது அன்றைக்கு மட்டும்தானே. முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை வென்றதும் தர்லஸ் அணிதான். 1887ஆம் ஆண்டுக்கான அந்த இறுதிப் போட்டி 1888 ஏப்ரல் 1 அன்று பர் என்ற ஊரில் நடந்தது. செம்பிளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது.

பிழைப்பு தேடி இளம்வயதிலேயே தர்லஸுக்கு வந்தவர் கிரேட் சதர்ன் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்து கார்டு ஆனார். அயர்லாந்தின் மிகப் பெரிய ரயில் கம்பெனி அதுதான். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுவதும், புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், பார்சல் கணக்கு எல்லாவற்றையும் எழுதிவைப்பதும் கார்டின் வேலை. வண்டியை ஓட்டுகிறவர் டிரைவர், அதற்குப் பொறுப்பு கார்டு. இந்த வேலையையும் அணித்தலைமையையும் வைத்து உவமை சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. அதை அடக்கிக்கொண்டு வெறும் தகவல்களைப் பார்த்தாலே போதும், விஷயம் தானாக விளங்கும்.

செம்பிள் ஆடிய பெரிய போட்டிகள் நடந்த ஊர்கள் டப்ளின், கில்கெனி, அதாய், கார்க். அத்தனையிலும் ரயில் ஸ்டேஷன் உண்டு. இது தற்செயல் இல்லை. மோட்டார் பஸ் இல்லாத காலம். ஆயிரக்கணக்கானவர்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு கவுண்டிக்குக் கொண்டுபோய் இரவுக்குள் வீடு சேர்க்க ரயிலால் மட்டுமே முடியும். இறுதிப் போட்டியை எந்த ஊரில் வைப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் சிறப்பு ரயில் கிடைக்குமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. கம்பெனிக்கும் இதில் நல்ல வரும்படி. அதனால்தான் 1905இல் அதே கிரேட் சதர்ன் அண்டு வெஸ்டர்ன் கம்பெனி மாகாணங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கென்று ஹர்லிங்குக்கு ஒன்றும் கேலிக் கால்பந்துக்கு ஒன்றுமாக இரண்டு கேடயங்களை நன்கொடையாகக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்டங்களை விலக்கி வைக்க வேண்டும் என்று பேசிய தேசியவாதச் சங்கமும், அரசுப் படைகளை நாடெங்கும் ஏற்றிச் சென்ற ரயில் கம்பெனியும் இப்படிக் கைகுலுக்கிக் கொண்டன. சங்கத்தின் வரலாற்றைக் கொள்கை வரலாறாக மட்டும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேடயங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சந்தைக்காரனுக்கு வண்டிக்காரன் வேண்டும், வண்டிக்காரனுக்குச் சந்தை வேண்டும் என்பதுதான் கணக்கு.

செம்பிளின் முதல் பதக்கம் 1900ஆம் ஆண்டுக்குரியது. அந்த இறுதிப் போட்டி நடந்ததோ 1902 அக்டோபர் 26இல். அந்நாளில் இது வாடிக்கை. முறையீடு, எதிர் முறையீடு, மறு ஆட்டம், வராமல் போன அணி என்று ஒவ்வொரு ஆண்டின் போட்டியும் அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் இழுத்துக்கொண்டே போகும். நேரத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. அந்தச் சில ஆண்டுகளில் உள்நாட்டுச் சாம்பியன், லண்டனில் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்களின் அணியோடு மோத வேண்டும் என்றொரு ஏற்பாடும் இருந்தது. டிப்பரரி 2-5, லண்டன் 0-6. பதினொன்றுக்கு ஆறு என்றால் சுலபமான வெற்றி என்று தோன்றும். இரண்டு கோல்களும் கடைசி நேரத்தில் விழுந்தவை. அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் லண்டன் ஒரு பாயிண்ட் முன்னால் நிற்கிறது. மறு ஆண்டுக்கான போட்டியில் லண்டன் அணி உண்மையாகவே கார்க்கைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அயர்லாந்தின் பட்டம் தேம்ஸ் நதிக்கரைக்குப் போனது அந்த ஒரே முறைதான்.

அந்த 1900 அணியில் செம்பிள் பலரில் ஒருவர். தலைவரானது தர்லஸ் கிளப்பில். கவுண்டிச் சாம்பியனான கிளப்தான் அன்று கவுண்டியின் பெயரில் களமிறங்கும். பக்கத்துக் கிளப்புகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் யாரைச் சேர்ப்பது என்பது சாம்பியன் கிளப்பின் கையில் இருந்தது. கவுண்டிக்கென்று நிறம் கட்டாயமானதும் 1913இல்தான். எனவே செம்பிளின் ஆட்கள் ஆடியது தங்கள் கிளப்பின் நீலச் சட்டையில். தர்லஸ் ப்ளூஸ் என்றே ஊர் அவர்களை அழைத்தது. ஆறடிக்கு மேல் உயரமான செம்பிள் இடது ஓரத்து முன்கள ஆட்டக்காரர். யாரைக் கூட்டி வருவது, எங்கே நிறுத்துவது, எப்படிப் பழக்குவது என்று எல்லாம் தலைவர் பொறுப்பு. இன்று மேலாளர், பயிற்சியாளர், தேர்வாளர் என்று மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் வேலையை அன்று தலைவர் ஒருவரே பார்த்தார்.

1907 அக்டோபர் 27, கில்கெனி நகரின் செயின்ட் ஜேம்ஸ் பார்க். 1906ஆம் ஆண்டுக்கான இறுதிப் போட்டி, எதிரில் டப்ளின். நடுவர் பந்தை மைதானத்தின் நடுவே எறிந்தார். ஐந்தாவது விநாடியில் டப்ளினின் பில் லென்னர்ட் அடித்த கோல் உள்ளே போய்விட்டது. இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் இதைவிட வேகமான கோல் சொல்லப்படவில்லை. ஐந்து விநாடி என்று யார் கடிகாரம் பார்த்துச் சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் நடுக்களத்திலிருந்து கோல் வரை ஏறத்தாழ எழுபது மீட்டர்தான். ஓங்கி அடித்த ஸ்லிட்டர் அந்தத் தூரத்தைக் கடக்க அவ்வளவு நேரமே அதிகம். பதினேழு பேரும் தங்கள் இடத்துக்குப் போய் நின்றார்களோ இல்லையோ, மூன்று பாயிண்ட் கடன். அணித்தலைவர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று இந்த மாதிரி விநாடிகளில்தான் தெரியும். முடிவில் டிப்பரரி 3-16, டப்ளின் 3-8. கோல்கள் சரிசமம். ஆட்டத்தைத் தீர்மானித்தது பாயிண்ட்தான், டப்ளினைப்போல் இரண்டு மடங்கு. தொடக்கத்தில் அடி வாங்கிய ஓர் அணி பதறி எல்லாப் பந்தையும் கோலுக்கே அடிக்காமல், கிடைத்ததை ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறது என்று இந்த எண்களை நான் வாசிக்கிறேன். செம்பிளின் அணியைப் பற்றிய என் மதிப்பும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டுப் பட்டம் கில்கெனிக்குப் போனது. 1908ஆம் ஆண்டுக்கான இறுதிப் போட்டியில் மறுபடியும் டிப்பரரியும் டப்ளினும். 1909 ஏப்ரல் 25இல் டப்ளினின் ஜோன்ஸ் ரோடு மைதானத்தில் ஆடியபோது டிப்பரரி 2-5, டப்ளின் 1-8 என்று பதினொன்றுக்குப் பதினொன்றாகச் சமனில் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஜூன் 27இல் அதாய் என்ற ஊரில் மறு ஆட்டம். இம்முறை 3-15க்கு 1-5, அதாவது இருபத்து நான்குக்கு எட்டு. ஏப்ரலில் இம்மியளவும் வித்தியாசமில்லாத இரண்டு அணிகள் ஜூனில் மலைக்கும் மடுவுக்குமாய் நின்றன. ஒரு தரப்பு அந்த இரண்டு மாதத்தை வீணாக்கவில்லை என்பது தெளிவு. தன் மண்ணில் சமன் செய்துகொண்ட டப்ளின், தன் மண்ணைவிட்டு வெளியே வந்ததும் சரிந்தது என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இதுவரை டிப்பரரி எட்டு இறுதிப் போட்டிகளில் ஆடி எட்டிலும் வென்றிருந்தது. 1887இல் தொடங்கி 1908 வரை இறுதிப் போட்டியில் தோல்வி என்பதையே அந்தக் கவுண்டி கண்டதில்லை. ஒன்பதாவது 1909 டிசம்பர் 12இல் கார்க் நகரில், கில்கெனிக்கு எதிராக. கில்கெனியின் ஆட்கள் மூன்காயின் கிளப்பைச் சுற்றித் திரண்டவர்கள். தலைவர் டிக் வால்ஷ், எல்லாரும் ‘ட்ரக்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவர். முடிவு கில்கெனி 4-6, டிப்பரரி 0-12.

இந்த 0-12ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செம்பிளின் அணி பன்னிரண்டு முறை இலக்கைத் தொட்டது. கில்கெனி பத்தே முறை. ஆனாலும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று டிப்பரரி தோற்றது. வித்தியாசம் கோல்கள். நான்கில் மூன்றை பில் ஹென்னர்பி என்பவர் ஒருவரே அடித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டப்ளினைச் சாய்த்த அதே பாயிண்ட் சேர்க்கும் ஆட்டம், கோல் வாசலைப் பூட்டத் தெரிந்த பின்களத்தின் முன் செல்லுபடியாகவில்லை. ஜாக் ரோச்ஃபோர்ட் போன்ற தடுப்பாளர்கள் நிற்கிற இடத்தில் பந்தைத் தூரத்திலிருந்து மேலே அனுப்பலாம், உள்ளே கொண்டுபோக முடியாது. கில்கெனி இதைக் கணக்குப் போட்டுச் செய்ததா, நடந்துவிட்டதா என்று நூறு ஆண்டு தள்ளியிருந்து தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. 1904க்கும் 1913க்கும் இடையில் ஏழு பட்டங்களை வென்ற அணிக்கு அது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது அதைவிட அநியாயம். அந்த டிசம்பர் மாலையில் தர்லஸ் ப்ளூஸின் உச்சக்காலம் முடிந்தது.

1910 கோடையில் டிப்பரரியும் கார்க்கும் கடல் கடந்து பெல்ஜியம் போய் ஹர்லிங் ஆடிக் காட்டின. பிரஸ்ஸல்ஸில் அந்த ஆண்டு கெல்டிக் இனத்தவர் மாநாடு. ஃபோன்டெனாய் போர்க்களத்துக்கும் போனார்கள். 1745இல் பிரெஞ்சுப் படையில் இருந்த ஐரிஷ் வீரர்கள் ஆங்கிலப் படையை அங்கே எதிர்கொண்டு பெயர் வாங்கினார்கள். அந்தப் புல்வெளியில் ஹர்லிங் மட்டையோடு நின்ற இளைஞர்களுக்கு நெஞ்சு விம்மியிருக்கும். பயணத்தில் பணம் நஷ்டம். நஷ்டக் கணக்கு பார்க்காமல் இப்படிச் செய்வதும் அந்தச் சங்கத்தின் குணங்களில் ஒன்று.

அதே 1910இல் தர்லஸில் நடந்த இன்னொரு காரியத்துக்குப் பெல்ஜியப் பயணத்தின் பளபளப்பு கிடையாது. பதக்கங்களுக்கு மேலாக இதையே நான் செம்பிளின் பெரிய ஆட்டம் என்று வைப்பேன். தர்லஸின் விவசாயக் கண்காட்சித் திடல் விற்பனைக்கு வந்தது. கேனன் எம். கே. ரயன் என்ற பாதிரியார் தலைமையில் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதை 900 பவுனுக்கு வாங்கினார்கள். பணத்தைத் திரட்டப் பங்குகள் விற்றார்கள். செம்பிள் அந்தக் குழுவின் தூண். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு. டப்ளினின் ஜோன்ஸ் ரோடு மைதானத்தை ஃபிராங்க் டைனீன் என்ற பத்திரிகையாளர் 1908இல் 3,250 பவுனுக்குத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். 1913இல் சங்கம் அதை அவரிடமிருந்து 3,500 பவுன் கொடுத்து எடுத்துக்கொண்டு க்ரோக் பார்க் என்று பெயர் வைத்தது. தலைநகரில் சங்கத்துக்குச் சொந்த மைதானம் அமைவதற்கு மூன்றாண்டு முன்பே, ஒரு சின்னச் சந்தை ஊரின் ரயில் தொழிலாளியும் பாதிரியாரும் கடைக்காரர்களும் தங்களுக்கென்று ஒன்றை வாங்கிவிட்டார்கள்.

மைதானம் சொந்தமாக இருப்பதில் அப்படி என்ன? அன்றைய போட்டிகளில் பாதிக் குழப்பம் அங்கேதான். வாடகைத் திடலில் மாடு மேய்ந்திருக்கும், வேலி இருக்காது, கூட்டம் கோட்டுக்குள் வந்துவிடும், டிக்கெட் காசு யாருக்கு என்று தகராறு வரும். 1911ஆம் ஆண்டின் இறுதிப் போட்டிக் கதையைக் கேட்டால் போதும். கில்கெனியும் லிமரிக்கும் கார்க்கில் ஆடுவதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் திடலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. போட்டியைத் தர்லஸுக்கு மாற்றினார்கள். லிமரிக் வர மறுத்தது, ஆடினால் கார்க்கில்தான் என்று பிடிவாதம். பட்டம் கில்கெனிக்குக் கொடுக்கப்பட்டது. பார்க்க வந்தவர்களுக்கு ஓர் ஆட்டமாவது வேண்டுமே என்று லிமரிக்குக்குப் பதில் டிப்பரரியை டங்கார்வன் ஊரில் கில்கெனியோடு ஆட வைத்தார்கள். டிப்பரரி 2-1, கில்கெனி 3-3. செம்பிளின் தலைமுறை இதோடு ஒதுங்கிக்கொண்டது. 1913இல் டிப்பரரிக்காகக் களமிறங்கியவர்கள் டூமவாரா கிளப்பின் புதிய பையன்கள். கிரேஹவுண்ட்ஸ் என்று பெயரெடுத்த வேகக்காரர்கள், ஆனால் அவர்களும் அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் கில்கெனியிடமே விழுந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்திய பின்னும் மனிதர் மைதானத்தை விடவில்லை. அவர் காலத்திலேயே தர்லஸின் புல்தரை மன்ஸ்டர் மாகாணத்தில் பெயர் வாங்கியது. பந்து தரையில் ஓடும் ஆட்டத்துக்குத் தரைதான் எல்லாம். மேடுபள்ளம் இருந்தால் தரையடி ஆட்டம் அதோடு முடிந்தது. தர்லஸின் தரையில் பந்து சொன்னபடி கேட்கும் என்று இன்றும் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். கவுண்டிக் குழு, மாகாணக் குழு என்று நிர்வாகத்திலும் செம்பிள் உழைத்தார். 1930இல் டிப்பரரி சீனியர், ஜூனியர், மைனர் என்று மூன்று பிரிவிலும் அகில அயர்லாந்துப் பட்டத்தை ஒரே ஆண்டில் அள்ளியபோது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

இதற்கு நடுவே ஒரு போர் வந்துபோனது. 1919 ஜனவரியில் டிப்பரரியின் சோலஹெட்பெக்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டைத்தான் ஐரிஷ் விடுதலைப் போரின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அடுத்த நான்கு மாதத்துக்குள் தர்லஸ் ஸ்டேஷனே கதைக்குள் வந்துவிட்டது. போலீஸ் பிடித்த ஷான் ஹோகன் என்ற இளைஞனை மே 13 அன்று தர்லஸில்தான் ரயிலேற்றினார்கள். கார்க் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில், நாக்லாங் ஸ்டேஷனில் அவனுடைய தோழர்கள் வண்டிக்குள் ஏறிச் சுட்டு மீட்டுக்கொண்டு போனார்கள். 1920 மே முதல் டிசம்பர் வரை ரயில் தொழிலாளர்கள், ஆயுதத்தோடு வரும் பிரிட்டிஷ் சிப்பாய்களையும் அவர்களின் தளவாடங்களையும் ஏற்ற மாட்டோம் என்று மறுத்தார்கள். சிப்பாய் ஏறினால் வண்டி அசையாது. வேலை இழந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். இந்தப் பின்னணியில் செம்பிளின் பங்கு சத்தமில்லாதது. ரயில் வேலையைப் பயன்படுத்திப் புரட்சியாளர்களின் கடிதங்களை ஊர்விட்டு ஊர் அனுப்ப ஏற்பாடு செய்துவந்தார். கார்டின் பெட்டியில் நூறு பார்சல் இருக்கும், அதில் நூற்றியொன்றாவது எது என்று யார் பார்ப்பது? துப்பாக்கி எடுத்தவர்களுக்குச் சிலை கிடைத்தது. அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த நேரத்துக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

செம்பிளை விடுதலைப் போரின் நாயகனாக்கும் ஆசை இந்த இடத்தில் பலருக்கு வரும். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. மட்டையைப் பிடித்தவன் எல்லாம் மறைமுகமாகத் துப்பாக்கியைத்தான் பிடித்தான் என்று எழுதுவது எளிது, சங்கத்தின் பழைய வரலாறுகள் அப்படித்தான் எழுதப்பட்டன. அதே கார்டு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு ரயிலுக்கும் பச்சைக்கொடி காட்டினார். கோட்டுக்குள் வந்த கூட்டத்தை வெளியே தள்ளினார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நிதானத்தில் செய்தார் என்பதுதான் என்னைக் கவர்கிறது.

1943 ஏப்ரலில் செம்பிள் இறந்தார். வயது 64. அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல், விரிவாக்கிக் கட்டிய தர்லஸ் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் அப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். ஆட்டத்தை நினைத்து மட்டும் பெயர் வைப்பதென்றால் ஊரில் அவருக்கு முன்னும் பின்னும் பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள், அதிகப் பதக்கம் வாங்கியவர்களும் உண்டு. 900 பவுன் திரட்டிய பழைய குழுவை ஊர் மறக்கவில்லை என்றே இதற்குப் பொருள். பார்வையாளர் மாடங்களில் ஒன்றுக்கு அந்தப் பாதிரியார் ரயனின் பெயரை வைத்திருப்பது இந்த என் வாசிப்புக்குத் துணை. பங்குக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் மைதானத்திலும் அப்படியே இருக்கிறார்கள்.

சங்கத்தின் நூற்றாண்டான 1984இல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டியை க்ரோக் பார்க்கிலிருந்து எடுத்துத் தர்லஸுக்குக் கொண்டுவந்தார்கள். கார்க் 3-16, ஆஃபலி 1-12. 1990இல் அதே புல்தரையில் மூன்று நாள் ராக் இசை விழா தொடங்கியது. ஒரு முழுத் தலைமுறை ஐரிஷ் இளைஞர்கள் செம்பிள் என்ற சொல்லை கிடார்களோடும் சேற்றோடும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலரும் ஊருக்கு வந்தது ரயிலில்தான். கையில் சீட்டு, தோளில் கூடாரம், ஸ்டேஷனிலிருந்து அதே சில நிமிட நடை. நடைமேடையின் கடைசியில் கார்டு விசில் ஊத, அவர்களை இறக்கிவிட்ட வண்டி கார்க் நோக்கிக் கிளம்பியது.